கதவுத் துளையிலிருந்து கைப்பேசி வரை

எங்கள் தெருவில் இப்போது பதினோரு கேமராக்கள் இருக்கின்றன. காலை நடையின்போது எண்ணிப் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் இரண்டுதான் இருந்தன. ஒன்று தெருமுனைக் கடையில், இன்னொன்று நெடுஞ்சாலை ஓரத்து டேனரியின் கேட்டில். இப்போது இருப்பவற்றில் பெரும்பாலானவை வீடுகளில்தான். அந்த வீடுகளில் என்னைப் போன்ற வயதானவர்கள் இருக்கிறோம். பிள்ளைகள் பெங்களூரிலோ சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். மாதனூரில் வாசலில் யார் வந்து நின்றார்கள் என்பது, உள்ளே அடுப்படியில் இருப்பவருக்குத் தெரியும் முன்பே துபாயில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த வசதி எப்படி வந்தது, நடுவில் என்னென்ன நடந்தது என்பதை எழுதலாம் என்று தோன்றியது. வீட்டில் கேமரா வைத்திருப்பவர்களும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எனக்கு ஒரு சொல் வேடிக்கையாக இருந்தது. வெளியே நிற்பவரைப் பார்ப்பதற்காகக் கதவில் வைக்கும் சிறிய துளைக்குப் பிரெஞ்சில் 'ழுதா' என்று பெயர். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரேதான் அது. வெளியே நிற்பவருக்குத் தெரியாமல் அவரைக் காட்டிக்கொடுக்கும் துளை என்பதால் அந்தப் பெயர். எங்கள் பக்கத்து வீடுகளில் அப்படி ஒரு துளைக்கு அவசியமே இருந்ததில்லை. பகல் முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். திண்ணையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். தெருவில் யார் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார், கையில் என்ன பை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வீட்டுக் கேமராவின் கதை அந்தக் கதவுத் துளையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பே கேமரா மூலம் தொலைவிலிருந்து பார்க்கும் முறை இருந்தது உண்மைதான். 1942-ல் ஜெர்மனியின் பீனமுண்டேயில் ராக்கெட் ஏவுவதைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து பார்க்க வால்டர் புருக் என்ற பொறியாளர் அப்படி ஓர் ஏற்பாடு செய்தார். ஆனால் அது யுத்தத்துக்கு. வீட்டுக்கென்று முதலில் யோசித்தவர் ஒரு நர்ஸ். பெயர் மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஜமைக்கா என்ற இடத்தில் வசித்த கறுப்பினப் பெண்மணி. அவருக்கும் அவருடைய கணவர் ஆல்பர்ட்டுக்கும் வேலை நேரம் ஒத்துவராது. நேரங்கெட்ட நேரத்தில் தனியாக இருப்பார். அந்தப் பகுதியில் திருட்டு பயம் அதிகம். போலீசைக் கூப்பிட்டாலும் வந்து சேரத் தாமதமாகும்.

கணவர் எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர். இருவரும் சேர்ந்து ஓர் அமைப்பை வடிவமைத்து, 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2-ம் தேதி கிடைத்தது. கதவில் உயரத்துக்கு ஒன்றாக நான்கு துளைகள். உள்பக்கம் ஒரு கேமரா மேலும் கீழும் நகர்ந்து, குழந்தை வந்தாலும் நெட்டையான ஆள் வந்தாலும் முகத்தைக் காட்டும். படம் படுக்கையறையில் உள்ள பெட்டியில் தெரியும். அங்கிருந்தே வெளியே நிற்பவரிடம் பேசலாம். வேண்டியவர் என்றால் பொத்தானை அழுத்திக் கதவைத் திறக்கலாம். ஆபத்து என்றால் இன்னொரு பொத்தானை அழுத்திக் காவலுக்குத் தகவல் அனுப்பலாம். இன்று கடையில் புதுமை என்று விற்கும் வாசல்மணிக் கேமரா செய்வதில் பெரும்பகுதி அந்த விண்ணப்பத்தில் இருக்கிறது. நம் சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பே 1975 ஆகஸ்ட் 15-ல்தான் தொடங்கியது என்பதை நினைத்துக்கொண்டால் அந்த நர்ஸின் யோசனை எவ்வளவு முந்தியது என்று புரியும்.

அந்த அம்மையாரின் அமைப்பில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேமரா வெளியே பார்க்கிறது. படம் உள்ளே, அவருடைய கட்டிலுக்கு எதிரே தெரிகிறது. வீட்டில் இருப்பவர் பார்க்கிறார், வெளியில் இருப்பவர் பார்க்கப்படுகிறார். இதை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்த இருபது வருடங்கள் எல்லாக் கேமராக்களும் ஒயரோடு கட்டப்பட்டவைதான். சிசிடிவி என்பதன் பொருளே மூடிய சுற்று. கேமராவிலிருந்து கேபிள் போய் அதே கட்டடத்தில் ஒரு பெட்டியில் முடியும். வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் அந்தப் படத்தை வீடியோ கேசட்டில் பதிந்து வைத்தார்கள். கட்டடத்துக்கு வெளியே இருந்து பார்க்க வழியில்லை.

அந்தச் சுற்றை உடைத்தது ஒரு காபிப் பாத்திரம். 1991-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், டிரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரு காபி எந்திரம் இருந்தது. மற்ற மாடிகளில் இருந்தவர்கள் படியேறி வந்து பார்த்தால் பாத்திரம் காலி. வெறுத்துப்போன ஆராய்ச்சியாளர்கள் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை நிறுத்தி, அலுவலகக் கணினிகளில் எல்லோருக்கும் படம் தெரியும்படி செய்தார்கள். குவென்டின் ஸ்டாஃபோர்ட் ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்ற இருவர் அதற்கான நிரலை எழுதினார்கள். தபால்தலை அளவில் கறுப்பு வெள்ளைப் படம், நிமிடத்துக்கு மூன்று தடவை மாறும். காபி இருக்கிறதா இல்லையா என்று தெரிய அது போதும். 1993 நவம்பரில் அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றினார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேம்பிரிட்ஜின் காபிப் பாத்திரத்தைப் பார்க்கலாம் என்றானது. பல லட்சம் பேர் பார்த்தார்கள். 2001 ஆகஸ்ட் 22-ல் அந்தக் கேமராவை நிறுத்தினார்கள். அந்தப் பழைய பாத்திரம் ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது.

அப்போது நம் நாட்டில் என்ன நிலை? 1995 ஆகஸ்ட் 15-ல்தான் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தது. தொலைபேசி வழியே மோடம் கீச்சிட்டுக் கத்தி இணைப்பு வரும். ஒரு போட்டோ திறப்பதற்குள் காபி ஆறிவிடும். 1996-ல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம், கணினி இல்லாமலே நேரடியாக நெட்வொர்க்கில் செருகக்கூடிய முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் முழு அளவுப் படம் 17 விநாடிக்கு ஒன்றுதான் வரும். திருடன் சுவர் ஏறும்போது ஒரு படம் வந்தால், அடுத்த படத்தில் சுவர் மட்டும் இருக்கும்! ஆனாலும் அதுதான் இன்று நம் வீட்டு வாசலில் தொங்கும் கேமராவின் மூதாதை. கேமராவுக்கென்று தனியாக ஒரு முகவரி கிடைத்தது அதில்தான்.

இந்த முகவரி விஷயத்தில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. நாற்பது வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு இது ஆபீஸ் பாஷையில்தான் புரிந்தது. அப்படியே சொல்கிறேன்.

இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி எண்கள்தான் உண்டு. வீட்டுக்கு நாலு கைப்பேசி, ஒரு டிவி, ஒரு கேமரா என்றால் உலகத்துக்கு அது எப்படிப் போதும்? 2011 பிப்ரவரி 3-ம் தேதி, உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பற்றாக்குறை வரும் என்று முன்பே தெரிந்து, 1994-லேயே ஒரு உபாயம் சொல்லப்பட்டது. ஒரு வீட்டுக்கு வெளியுலகில் ஒரே முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கு வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள். இரண்டுக்கும் நடுவில் ரூட்டர் பெட்டி.

அந்த ரூட்டர் நம் ஆபீஸின் டெஸ்பாட்ச் குமாஸ்தா. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் போகும் கடிதத்தை அவர் பதிவேட்டில் ஏற்றி வெளியே அனுப்புவார். பதில் வந்தால் பதிவேட்டைப் பார்த்து, இது ஏ-3 பிரிவுக்கு என்று சரியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆனால் நாம் எழுதாத கடிதம் ஒன்று, எந்தப் பிரிவுக்கு என்று குறிப்பில்லாமல் வந்தால்? அவருக்கு என்ன செய்வது என்று தெரியாது. திருப்பிவிடுவார். துபாயிலிருந்து மகன் கேமராவைப் பார்க்க அனுப்பும் கேள்வி அப்படிப்பட்ட கடிதம்தான். அது ரூட்டரிலேயே நின்றுவிடும்.

இதற்கு முதலில் கண்டுபிடித்த வழி, குமாஸ்தாவுக்கு ஒரு நிரந்தர உத்தரவு போடுவது. உறைமேல் 8000 என்று எழுதி வந்தால் கேட்காமல் நேரே கேமராவிடம் கொடுத்துவிடு. இதற்கு போர்ட் ஃபார்வர்டிங் என்று பெயர். வீட்டு முகவரியை நெட் கம்பெனி அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், மாறாத ஒரு பெயரை வைத்து அந்தப் பெயருக்கு எதிரே அன்றன்றைய முகவரியை எழுதிக்கொள்ளும் ஏற்பாடும் வந்தது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் கேமரா மாட்டியவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும் செய்துதான் தொலைவிலிருந்து பார்த்தார்கள்.

உத்தரவில் ஒரு ஓட்டை இருந்தது. உறைமேல் 8000 என்று யார் எழுதினாலும் குமாஸ்தா உள்ளே விடுவார். மகனா, மூன்றாம் மனிதனா என்று அவர் பார்க்கமாட்டார். அதைப் பார்க்க வேண்டியது கேமராவின் கடவுச்சொல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாக் கேமராவுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அட்மின், 12345 என்ற வகை. யாரும் அதை மாற்றவில்லை.

2014 நவம்பரில் உலகத்துக்கு முதல் அதிர்ச்சி. அப்படிக் கடவுச்சொல் மாற்றாத ஆயிரக்கணக்கான கேமராக்களின் நேரடிப் படங்களை ஓர் இணையதளம் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது. கடைகள், வரவேற்பறைகள், குழந்தைகளின் தொட்டில்கள். யாரும் எதையும் உடைத்து நுழையவில்லை. திறந்திருந்த கதவு வழியே பார்த்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டனின் தகவல் ஆணையர் மக்களுக்குப் பகிரங்க எச்சரிக்கை விட்டார்.

இரண்டாவது அதிர்ச்சி 2016-ல். மிராய் என்ற நச்சுநிரல் இணையத்தில் கேமராவாகத் தேடித் தேடிப் போனது. கையில் அறுபது சொச்சம் பெயர், கடவுச்சொல் ஜோடிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும், திறந்தால் கேமராவைத் தன் ஆளாக்கிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்த லட்சக்கணக்கான கேமராக்களும் பதிவுப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குத் தகவலைக் கொட்டின. செப்டம்பரில் பிரான்சின் ஓவிஎச் நிறுவனம் தாக்கப்பட்டது. அக்டோபர் 21-ல் அமெரிக்காவின் டின் என்ற நிறுவனம் தாக்கப்பட்டு, டிவிட்டர் முதலான பெரிய தளங்கள் பல மணிநேரம் பலருக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கேமரா வழக்கம்போல் வாசலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. மிராயை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்கள் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது பலரும் அந்தப் பழைய வழியில் போவதில்லை. இன்றைய நெட் இணைப்பு பலவற்றில், நம் ரூட்டருக்கு மேலே கம்பெனியே இன்னொரு டெஸ்பாட்ச் பிரிவை வைத்திருக்கிறது. நாம் போடும் உத்தரவு அங்கே எடுபடாது. அதனால் கேமரா தானே வெளியே புறப்பட்டுப்போய், தயாரிப்பாளரின் சர்வரில் நான் இங்கே இருக்கிறேன் என்று பெயர் கொடுத்து உட்கார்ந்துகொள்கிறது. மகனின் கைப்பேசியும் அதே இடத்துக்குப் போகிறது. அங்கே இருவரையும் அறிமுகப்படுத்தி வைக்கிறார்கள். கேமராவின் அடியில் உள்ள கட்டம் போட்ட கியூஆர் சதுரத்தைக் கைப்பேசியில் காட்டுவது இந்த அறிமுகத்துக்குத்தான். ஐந்து நிமிட வேலை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கதவுத் துளைக்கு நடுவில் இப்போது மூன்றாவது ஓர் ஆள் நிற்கிறார். அவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், எதையெல்லாம் பார்க்க முடியும் என்று கேட்டு வாங்குபவர் நம்மில் எத்தனை பேர்?

அரசாங்கங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்கக் கூடாது என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29-ல் அமலுக்கு வந்தது. நம் மத்திய அரசும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கி, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைப்படுத்தியது. தமிழ்நாட்டில் நகர்ப்புறப் பொதுக் கட்டடங்களில் கேமரா வைப்பதற்கான விதிகள் 2012-லேயே வந்துவிட்டன. பிறகு சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டு, கடைக்காரர்களும் குடியிருப்போரும் தெருவைப் பார்த்துக் கேமரா வைக்கும்படி பெரிய இயக்கமே நடத்தியது. மூன்றாவது கண் என்றால் நமக்குச் சிவன் நினைவு வரும். அவர் அதை எப்போதும் திறந்து வைத்திருப்பதில்லை.

கேமரா இருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் தாக்கப்பட்டு இறந்த வழக்கில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், அங்கே கேமரா இருந்ததையும், ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும் தன் அறிக்கையில் எழுதினார். அதே வருடம் டிசம்பர் 2-ல் வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைத்து நீண்ட காலம் பதிவைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக் கேமராவிலும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெமரி கார்டு நிறைந்ததும் பழையது அழிந்து புதியது பதியும். எத்தனை நாள் தங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு நடந்து பத்து நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

இனி என் வீட்டுக் கதை. எங்கள் வீட்டில் கேமரா மாட்ட வந்த பையனிடம், "தம்பி, இதுக்கு பாஸ்வேர்டு என்ன?" என்று கேட்டேன். "எல்லார் வீட்டுக்கும் ஒண்ணுதான் ஐயா வைப்போம். அப்பதான் மறக்காது" என்றான். அப்பாவிப் பையன். ஊர்ச் சாவியெல்லாம் அவன் ஒருவன் சட்டைப் பையில். உட்கார வைத்து மாற்றச் சொல்லி, புதியதை என் டயரியில் எழுதிக்கொண்டேன்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்து, மாதனூரிலிருந்து குடியாத்தம் போகும் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனதே, அந்த நாட்களில் என் மகன் வேலையை விட்டுவிட்டுக் கைப்பேசியில் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கரண்ட் போனது, நெட் போனது, படமும் போனது. பதறிவிட்டான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் கூப்பிட்டு, "உங்க அப்பா இங்க உக்காந்து டீ குடிக்கிறார்" என்று சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனான். எப்போது மிகவும் தேவையோ அப்போது கைவிடும் கருவி இது. பக்கத்து வீட்டுக்காரரை எந்தக் கேமராவுக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்த வருடம் மகன் ஊருக்கு வந்தபோது கூடத்திலும் ஒரு கேமரா வைத்தான். நல்ல எண்ணம்தான். வயதானவர்கள், விழுந்துவிட்டால்? ஒரு வாரத்தில் என் மனைவி கூடத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். தலை வாருவது, காலை நீட்டிக் கீரை ஆய்வது, மதியம் கண் அயர்வது எல்லாம் அடுப்படிக்குள் போய்விட்டன. ஒருநாள் மகன் போனில், "அம்மா, மத்தியானம் மாத்திரை போடலையே" என்றான். அக்கறையாகத்தான் கேட்டான். அவள் என்னிடம், "என் வீட்ல நானே விருந்தாளி மாதிரி உக்கார வேண்டியிருக்கு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு நியூயார்க் நர்ஸின் அமைப்பு விளங்கியது. அவருடைய கேமரா வெளியே பார்த்தது, படம் அவரிடம் இருந்தது. எங்கள் கூடத்துக் கேமரா உள்ளே பார்த்தது, படம் துபாயில் இருந்தது. கருவி ஒன்றுதான், துளையின் திசை மாறிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் துளைக்கு வைத்த பெயரின் பொருளும் அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. தீர்ப்பு வந்தபோது அவர் தொண்ணூறைத் தாண்டியிருந்தார். வயதானால் அந்தரங்கம் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மகனிடம் பேசினேன். கோபப்படவில்லை, யோசித்தான். கூடத்துக் கேமராவைக் கழற்றிப் பின்பக்க மோட்டார் கொட்டகைக்கு மாற்றினோம். வாசலில் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் வெளியே பார்க்கின்றன. படம் மகனுக்கும் தெரியும், எங்கள் கைப்பேசியிலும் தெரியும். விழுந்தால் என்ன செய்வது என்பதற்குத் தினமும் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் போன் என்று ஏற்பாடு. நாங்கள் எடுக்காவிட்டால் அவன் பக்கத்து வீட்டுக்குக் கூப்பிடுவான்.

கேமரா வைக்கப்போகிறவர்களுக்கு நான்கே வார்த்தை. கடவுச்சொல்லை நீங்களே மாற்றி எழுதி வையுங்கள். யார் யார் கைப்பேசியில் படம் தெரிகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பதிவு எங்கே, எத்தனை நாள் தங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கேமராவை எங்கே வைப்பது என்பதை அந்த இடத்தில் உட்காருபவரிடம் கேளுங்கள்.

நேற்று மதியம் என் மனைவி கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் யாரோ வந்த சத்தம் கேட்டது. கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "தபால்காரர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.